கருவின்றித் தோன்றிய கருக்குறி

திருவண்ணாமலையிற் பிறந்து வளர்ந்தோர்க்குக் கரும்புத் தொட்டில் புதிதன்று. கார்த்திகைத் தீபப் பெருவிழாவில், தேரோடும் நாளன்று, மகப்பேறு வேண்டி நேர்ந்துகொண்டு அப்பேற்றை அடைந்தவர்கள் கரும்புகளை ஒருசேரக் கட்டி, மஞ்சள் தோய்ந்த சேலையை அவற்றில் தூளியாகப் பிணைத்து, குழவியை அதனுட் கிடத்தித் தோள்மேற் சுமந்து மாட வீதிகளை வலம் வருவார்கள். பிள்ளையின்றி வருந்திய வல்லாள மன்னனுக்கு இறைவனே பிள்ளையாகி, ஆண்டுதோறும் மாசித் திங்களில் அவனுக்குரிய நீர்க்கடனை ஆற்றுகின்றான் என்பதும் இவ்வூர் வழக்கு. இத்தகைய ஊரில் மகவில்லாத பெண்ணொருத்தியின் நெஞ்சம் ஆண்டுதோறும் அத்தேர்நாளிற் படும் பாடு இன்னதென்று யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எம் தந்தையாரின் தங்கையார் அத்தகையவர். 2022-ஆம் ஆண்டு ஆவணியில் அவருக்கு அகவை 41. மணமாகி 19 ஆண்டுகள் கழிந்திருந்தன. மாமா கடைத்தெருவில் அரிசிக் கடை நடத்துபவர்; அதிகம் பேசாதவர். ஒருநாள் மாலை இருவரும் எம் இல்லத்திற்கு வந்து, வாயிற்கதவைச் சாத்திவிட்டு, கைக்குட்டையிற் பொதிந்திருந்த ஒரு சிறு சீட்டை எம்மிடம் நீட்டினர். மருந்துக்கடையிற் கிடைக்கும் கருச்சோதனைச் சீட்டு அது. அதில் இரண்டு கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

“நீ படித்துப் பிறருக்கும் பாடஞ் சொல்லுகிறவன். இது மெய்தானா, பார்த்துச் சொல்லப்பா” என்றார் அத்தை.

யாம் விலங்கியல் கற்பிப்பவராதலின், கேட்டதற்கு மேலும் சொன்னோம். கருத் தங்கியதும் நஞ்சாக வளரவிருக்கும் அணுக்கள் ஹார்மோன் என்னும் சுரப்புநீர் ஒன்றைத் தாயின் குருதியில் விடுகின்றன. அது சூலகத்திலுள்ள மஞ்சள் உடலை வாடவிடாது காத்து, கருப்பையின் உட்படலம் கழிந்துபோகாமற் செய்கின்றது. அதுவே சிறுநீரிலும் வடிகின்றது. 1928-இல் பெர்லினில் ஆஷைம், ஸோண்டெக் என்னும் இருவர் பெண்களின் சிறுநீரை இளம் சுண்டெலிகளுக்கு ஊசியாற் செலுத்தி, அவற்றின் சூலகம் முதிர்வதைக் கொண்டு கருவுற்றமையை அறிந்தனர். இன்றோ எலி வேண்டா, சீட்டொன்று போதும். இவற்றையெல்லாம் விரித்துரைத்து, “சீட்டுப் பொய் சொல்லாது, அத்தை” என்று முடித்தோம். மாமா அப்பொழுதே திண்ணையில் அமர்ந்து அழுதுவிட்டார்.

புறப்படும்பொழுது அத்தை எம் மனைவியைத் தனியே அழைத்து, நான்கைந்து திங்களாகவே இடையிடையே உதிரம் படுவதாகச் சொல்லியிருக்கின்றார். மனைவி அதனை எமக்குரைத்தபோது, “கருவின் தொடக்கத்திற் பலருக்கும் சிறிது படும், அஞ்ச வேண்டா” என்றோம். கரு ஒன்றரைத் திங்களுக்கு மேற்பட்டதாயிராது. உதிரமோ நான்கைந்து திங்களாகப் படுவது. இவ்வெளிய கணக்கை அன்று நாம் போட்டுப் பார்த்தோமில்லை. மகிழ்ச்சி மிக்க வீட்டிற் கணக்குப் போடுவார் யார்? எனினும் எம் பணி கணக்குப் போடுவதே. அதனால் இப்பிழையை யாம் வேறொருவர்மேல் ஏற்றுவதற்கில்லை.

அன்றிரவே கரும்புத் தொட்டில் நேர்ந்துகொள்ளப்பட்டது.

மறுவாரம் நகரிலுள்ள ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் என்னும் ஒலியலைப் படம் எடுத்தனர். கருப்பை வெறுமையாக இருந்தது. நாட்பட்டாற் காணும் என்றனர். குருதியில் அச்சுரப்புநீரை அளந்தபோது மில்லிலிட்டருக்கு 184 மில்லி அலகு. நல்ல கருவாயின் தொடக்க வாரங்களில் இவ்வளவு இரண்டு மூன்று நாட்களுக்குள் ஏறக்குறைய இருமடங்காக வேண்டும். இரண்டு நாட் கழித்து 190. பின்னும் இரண்டு நாட் கழித்து 187. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கரு கருப்பைக்குப் புறத்தே குழாயில் தங்கியிருத்தல் கூடும் என்று ஐயுற்று, அதனைக் கரைப்பதற்கு மெத்தோட்ரெக்ஸேட் என்னும் ஊசியிட நாட் குறித்தனர். இத்தனை நாளிலும் படத்தையும் எண்ணையும் பார்த்தனரேயன்றி, உதிரம் எங்கிருந்து வருகின்றதென்று கண்ணாற் பார்த்தவர் ஒருவருமில்லர்.

ஊசிக்குரிய நாளுக்கு முன்னாள், மாமா தம் நண்பர் ஒருவர் சொற்கேட்டு, முதிய பெண் மருத்துவர் ஒருவரிடம் அத்தையை அழைத்துச் சென்றார். யாமும் உடன் சென்றோம். அவர் தாள்களை ஒருமுறை புரட்டிவிட்டு, “எண்கள் இருக்கட்டும், அம்மா. யாராவது உள்ளே பார்த்தார்களா?” என்று வினவினார். அத்தை இல்லையென்று தலையசைத்தார். திரைக்குப் பின்னே அழைத்துச் சென்றவர் ஐந்து நிமிடத்திற்குள் வெளியே வந்தார். கருப்பை வாயில், தொட்டாற் குருதி கசியும் வளர்ச்சியொன்று இருந்தது. தசைத்துணுக்கை ஆராய்ந்து வந்த விடை புற்றுநோய். இரண்டாம் படியின் பிற்பகுதி. கருப்பை வாயைக் கடந்து பக்கத்துத் தசையிற் பரவியிருந்தது. கரு எங்குமில்லை, குழாயிலுமில்லை. அச்சுரப்புநீரைச் சுரந்தது அவ்வளர்ச்சியே.

இஃது எங்ஙனம் கூடுமென்று யாம் பல இரவு நூல்களைப் புரட்டினோம். அச்சுரப்புநீரை ஆக்குதற்குரிய குறிப்பு நஞ்சின் அணுக்களில் மட்டும் உள்ளதன்று, நம் உடலின் ஒவ்வோர் அணுவிலும், ஆடவர் உடலிலுங்கூட உள்ளது, மூடிக்கிடக்கின்றது, அவ்வளவே. புற்றணு தன் கட்டுகளை அறுக்கும்பொழுது, மூடிக்கிடந்த ஏடுகளிற் சில திறந்துகொள்கின்றன. விதையிற் புற்றுள்ள ஆடவன் இச்சீட்டை நனைத்தால் அவனுக்கும் இரண்டு கோடுகள் தோன்றக்கூடும். இச்சுரப்புநீர் ஆல்பா, பீட்டா என்னும் இரண்டு இழைகளாலானது. கருப்பை வாய், நுரையீரல், சிறுநீர்ப்பை முதலிய இடங்களில் எழும் புற்றுகளிற் சில பீட்டா இழையைத் தனியே உகுப்பதுமுண்டு. இப்புற்றுக் கொண்டவர் எல்லார்க்கும் சீட்டில் இரண்டு கோடு தோன்றுமென்று யாரும் கொள்ளற்க. அத்தையினது அரிய நிகழ்ச்சியே. ஆயினும் முன்னர் நிகழாததன்று. ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் நீக்ரோ வகுப்புப் பெண்மணி 1950-இல் தம் ஐந்தாம் மகவை ஈன்று, சில திங்களுக்குள் கருப்பை வாய்ப் புற்றுக் கண்டு, 1951-இல் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில் உயிர் நீத்தார். அவரைக் கேளாமலே எடுக்கப்பட்ட அப்புற்றணுக்கள் இன்றளவும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்து வருகின்றன. அவ்வணுக்களும் கருவின் சுரப்புநீரைச் சுரக்கக் கண்டதாக 1976-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின், கண்ணாடிக் குப்பியிற் கருக்குறி!

தப்பிய ஊசியைப்பற்றியும் ஒரு சொல். அம்மருந்து தன்னளவிற் பழிக்கத்தக்கதன்று. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் அவர்களின் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த முயற்சியின் வழிவந்தது அது. 1956-இல் நஞ்சிலிருந்து எழும் புற்றை மருந்தினாலேயே தீர்க்கலாமென்று லீ, ஹெர்ட்ஸ் என்னும் மருத்துவர்கள் அதனைக் கொண்டே காட்டினர். நோய் தீர்ந்ததா என்பதை அளக்க அவர்கள் நம்பியதும் இதே சுரப்புநீரைத்தான். அத்தைக்கு அவ்வூசி இட்டிருந்தால் குழாயிற் கரைவதற்கு ஒன்றுமில்லை, நாட்கள்தாம் கரைந்திருக்கும்.

சிகிச்சை வேலூரில் நடந்தது. ஐந்து வாரம், 25 முறை கதிரூட்டினர். வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து. ஈற்றில் கருப்பை வாயினருகே கதிர்ப்பொருளை வைத்து ஊட்டினர். கதிர் பட்டபின் சூலகம் வாடிவிடும், இனிக் கருத்தரித்தல் இல்லை என்று முதல்நாளே மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தை கையொப்பமிடுமுன் மாமாவின் முகத்தைப் பார்த்தார். மாமா, “நீ இரு, அது போதும்” என்றார். அம்மனிதர் அவ்வாண்டு பேசியவற்றுள் எமக்கு நினைவிலுள்ளது அவ்வொன்றே.

சுரப்புநீர் 187-லிருந்து 60-க்கும், பின்னர் 9-க்கும் இறங்கி, முடிவில் 5-க்கும் கீழே வந்தது. அத்தாளைக் கையில் வாங்கியபோது எமக்கு நாணமே மேலிட்டது. எந்த எண் ஏறவேண்டுமென்று குடும்பமே நோன்பிருந்ததோ, அவ்வெண் இறங்கியதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம் கல்லூரி மாணவர்க்கு, சிறப்பாக மங்கையர்க்கு, ஒன்று கூற விழைகின்றோம். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவமனையைச் சேர்ந்த கிறிஸ்தவத் தொண்டர்களும் பிறரும் கூடி, 30 முதல் 59 அகவை வரையிலான சிற்றூர்ப் பெண்களுக்குச் செவிலியரைக் கொண்டு ஒரேயொரு முறை சோதனை செய்தனர். கருப்பை வாயில் நீர்த்த காடியைத் தடவி, வெண்மையாகத் திட்டு எழுகின்றதா என்று வெறுங்கண்ணாற் பார்ப்பதே அச்சோதனை. அதன் பயனாக இப்புற்றால் நேரும் சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததென 2007-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. அத்தையின் இல்லத்திற் காடி இல்லாத நாளில்லை. ஊறுகாய்க்கு அதையே பயன்படுத்துபவர் அவர்.

அவ்வாண்டுத் தீபத்திற்கு அவர் வேலூரிலிருந்து மீண்டுவிட்டார். தேர்நாளன்று வெளியே வரமாட்டார் என்று யாம் எண்ணியிருக்க, மாமாவின் தோளைப் பற்றிக்கொண்டு வந்து, கடை வாயிலிற் போட்ட நாற்காலியில் அமர்ந்தார். கரும்புத் தொட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சென்றன. “நேர்ந்துகொண்டோமே, அதற்கு என்ன செய்வது?” என்று எம்மைக் கேட்டார். இம்முறை யாம் விடை சொல்லத் துணிந்தோமில்லை. சற்றுநேரம் கழித்து அவரே, அண்டை வீட்டுப் பெண் வரும் தைத் திங்களிற் பேறு காணவிருப்பதாகவும், அவள் கணவனுக்கு வருவாய் போதாதென்றும், அடுத்த தேருக்குக் கரும்பும் சேலையும் தாமே வாங்கிக் கொடுத்துவிடலாமென்றும் மாமாவிடம் சொன்னார். மாமா எழுந்து சென்று கரும்பு விலை விசாரித்து வந்தார்.