காசிக்கு இரண்டரை மணி நேரம்

ஒரு காலத்தில் காசி யாத்திரை என்பது திரும்பி வருவது நிச்சயமில்லாத பயணம். சொத்துக்களைப் பிரித்துக் கொடுத்து, உற்றாரிடம் விடைபெற்றுப் புறப்பட்டவர்கள் மாதக்கணக்கில் நடந்தார்கள். சத்திரங்கள் அவர்களுக்கு அன்னமிட்டன. பிறகு ரயில் வந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பாதையை அது இரண்டு நாளுக்குள் கடந்தது.

இன்று சென்னை விமான நிலையத்துக்கும் வாராணசியின் பாபத்பூர் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 1,410 கிலோமீட்டர். காசி, சென்னைக்கு ஏறக்குறைய நேர் வடக்கே அமைந்திருப்பதால் இருப்புப்பாதையின் வளைவுகள் வானில் இல்லை. நேர் விமானத்தில் பயணம் சுமார் இரண்டரை மணி நேரம்.

இவ்விரு நிலையங்களையும் இணைத்து வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தால், அது கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி, சோன் ஆகிய நதிகளைக் கடந்து கங்கையை அடையும். நடந்து சென்றவர்கள் வழியில் குறுக்கிட்ட நதிதோறும் நீராடி, தலந்தோறும் தங்கி, சிறிது சிறிதாக மனத்தைப் பக்குவப்படுத்திக்கொண்டு விசுவநாதர் சந்நிதியை அடைந்தார்கள். விமானத்தில் செல்பவருக்கு அந்த அவகாசம் இல்லை. காலைப் பலகாரம் வீட்டில், மாலை தரிசனம் காசியில் என்று அமைந்துவிடுகிறது. ஆகவே வழி அளித்து வந்த பக்குவத்தை இப்போது புறப்படுவதற்கு முன்பே வீட்டில் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு மண்டலம் முன்னதாகவே நியமத்துடன் ஜபமும் பாராயணமும் தொடங்கும் பெரியவர்கள் இதை உணர்ந்தவர்கள்.

உடலுக்கும் கணக்கு உண்டு. இரண்டு மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கியபின் பெட்டிகளுக்குக் காத்திருக்க வேண்டும். பாபத்பூரிலிருந்து நகரம் சுமார் 25 கிலோமீட்டர். நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கோயிலை நெருங்கியபின் நடைதான். எல்லாம் கூட்டினால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. மார்கழி, தை மாதங்களில் மூடுபனியால் விமானம் தாமதமாவதும் உண்டு. முதியோர் வந்திறங்கிய நாளை ஓய்வுக்கு ஒதுக்கி, மறுநாள் விடியலில் கங்கா ஸ்நானமும் தரிசனமும் வைத்துக்கொள்வது உத்தமம். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் பயணச்சீட்டுப் பதியும்போதே சொல்லிவைக்கலாம். கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் விமானத்தில் கொண்டுபோகாமல் காசியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இராமேசுவரத்துக் கடல் மணலைப் பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கொணரும் கங்கை நீரால் இராமநாதருக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்பது மரபு. காசியிலிருந்து பிரயாகை சாலை வழியே சுமார் 120 கிலோமீட்டர். இராமேசுவரத்துக்கோ மதுரை விமான நிலையத்தில் இறங்கி மேலும் சுமார் 170 கிலோமீட்டர் செல்ல வேண்டும். கங்கைச் செம்பு நன்றாக மூடி முத்திரையிடப்பட்டிருக்கட்டும். அதைச் சரக்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைப்பது பாதுகாப்பு.

கால் தளர்ந்ததால் காசி இனி இல்லை என்று எண்ணியிருந்த எத்தனையோ பேரை இந்த இரண்டரை மணி நேரம் கங்கைக் கரையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதுவும் விசுவநாதர் அருளே.