மாட வீதியில் ஒரு புத்தாண்டு

ஆங்கிலப் புத்தாண்டு எப்போதும் நம் மார்கழியின் நடுவில்தான் வந்து சேருகிறது. ஊரெல்லாம் நள்ளிரவு வரை விழித்திருந்து, பட்டாசு வெடித்துவிட்டுப் படுக்கப் போகும் சற்று நேரத்துக்கெல்லாம் மயிலாப்பூர் எழுந்துவிடுகிறது. 2025 புத்தாண்டுக்கு நான் அங்கேதான் இருந்தேன். தங்கை வீடு வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அவள் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, மூன்று மாதக் குழந்தையோடு இருந்தாள். கூடமாட ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று பொங்கல் வரை தங்கினேன்.

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள். கிழக்கே ராஜகோபுரம், மேற்கே தெப்பக்குளம். பகலில் தெற்கு மாட வீதியில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேட வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கோ அதே வீதிகள் 'வா, நடந்து பார்' என்று விரிந்து கிடக்கின்றன. கோயில் பக்கமிருந்து திருவெம்பாவை. ஏதோ ஒரு வீட்டிலிருந்து திருப்பாவை. எல்லா வீட்டிலிருந்தும் காபி வாசனை. 1973ல் மறைந்த பாபநாசம் சிவன் அவர்கள் மார்கழி தோறும் பஜனை பாடிக்கொண்டு வலம் வந்தது இந்த வீதிகளில்தான். அந்தப் பனியில் நடந்தால் நமக்கும் ஏதாவது முணுமுணுக்கத் தோன்றுகிறது.

தங்கை மகளுக்கு மட்டும் எதிலும் ஒட்டுதல் இல்லை. புது டைரியின் முதல் பக்கத்தில் பதினோரு தீர்மானங்கள் எழுதி வைத்திருந்தாள். பத்து கிலோ எடை குறைப்பது, தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி, மாதம் இரண்டு புத்தகம், இப்படி. மூன்றாம் தேதியே டைரியை மூடி அலமாரியில் போட்டுவிட்டாள்.

"ஒண்ணுகூட முடியலை பெரியம்மா. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கேன். தலை வாரக்கூட நேரமில்லை. எனக்குன்னு என்னதான் இருக்கு?" என்றாள். கண்ணில் நீர் தளும்பிவிட்டது.

"நாளைலேர்ந்து வாசக் கோலம் உன்னுது" என்றேன்.

"இது வேற ஒரு வேலையா?"

"வேலை இல்லேம்மா. குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு உங்கம்மா கையில குடு. இருபது நிமிஷம் யாரும் உன்னைக் கூப்பிட மாட்டோம். கோலம் நல்லா வந்தாலும் வராட்டாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

முதல் நாள் கோலம் போடவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு, நானும் அவளும் வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்துகளில் மெல்ல நடந்து மற்றவர் வாசல்களைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு வாசலில் தேர், ஒரு வாசலில் சங்கு, இன்னொன்றில் முடிச்சு முடிச்சாகச் சிக்குக் கோலம். சில கோலங்களின் நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூ. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அந்தப் பூவைச் சாணத்தோடு சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைத்து, சிறுவீட்டுப் பொங்கலுக்குப் பிறகு ஆற்றில் விடுவோம். அதைச் சொன்னபோதுதான் பல நாளைக்குப் பிறகு அவள், "அப்புறம்?" என்று கேட்டாள்.

மறுநாள் ஏழில் தொடங்கி ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளிக் கோலம். நடு வரிசையில் ஏழு புள்ளி. மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று. ஆக மொத்தம் 25 புள்ளிகள். பெரியவர்கள் போடும் பதினைந்து புள்ளி, எட்டு வரை இடுக்குப் புள்ளிக் கோலத்துக்கு 169 புள்ளி வைக்க வேண்டும். அதெல்லாம் பிறகு. அவள் இழை நடுங்கியது. ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் சிறுத்தது. எட்டு மணிக்குப் பால்காரர் ஸ்கூட்டர் அதன் மேலேயே ஏறிப் போனது. "போச்சு பெரியம்மா!" என்று சிரித்தாள். அழவில்லை, சிரித்தாள்!

கோலத்தின் குணமே அதுதானே. மத்தியானத்துக்குள் அழிந்துவிடும். இன்று கோணலாக வந்ததென்று நாளைக்குக் கணக்குப் பார்க்க ஆள் இல்லை. மறுநாள் தண்ணீர் தெளித்தால் வாசல் மறுபடி புதுசு. வருஷம் முழுவதற்கும் சேர்த்து ஒரே நாளில் சபதம் செய்கிற பாரம் இதில் கிடையாது. விட்டுப் போன நாளும் பாக்கியாக நிற்பதில்லை.

எளிய வேலை என்று யாரும் இதை ஏளனம் செய்ய வேண்டாம். 1974லேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் மூவரும் நம் கோலங்களைக் கணினித் துறையின் இலக்கண முறைகளோடு சேர்த்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் திருவிழாவின்போது வடக்கு மாட வீதியே கோலப் போட்டிக் களமாகிவிடுகிறது. பாட்டிகளுக்கு அருகில் பள்ளிச் சிறுமிகள், ஆண்களும் கலந்துகொள்கிறார்கள்!

வீட்டில் தொடங்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். தண்ணீர் தெளித்ததும் உடனே போடாதீர்கள். ஈரம் சற்று இழுத்த பிறகு போட்டால் இழை பிரியாமல் நிற்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடியைக் கொஞ்சமாக எடுங்கள். அரிசி மாவானால் எறும்புக்கும் ஆகாரம். அடுக்குமாடியில் வாசல் இல்லையே என்றால் ஒரு மனைப்பலகை போதும்; அதுவும் முடியாத நாளில் நோட்டில் பென்சிலால் புள்ளி வையுங்கள். தங்கை மகள் குழந்தை தூங்கும்போது அப்படித்தான் பழகினாள். முழங்கால் வலி உள்ளவர்கள் சிறு முக்காலியில் உட்கார்ந்து போடலாம். வயிற்றில் ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்கள், குனிந்து நிமிரலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோலம் மருந்தல்ல. பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் கடந்தும் அழுகையும் சோர்வும் நீடித்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், டாக்டரிடம் போகத் தயங்கக் கூடாது. தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நாழிகையும் தாமதிக்கக் கூடாது. 'பிள்ளை பெற்றவள் என்றால் அப்படித்தான்' என்று வீட்டார் தள்ளிவிடுவது பெரும் கொடுமை. எங்கள் பெண்ணையும் அந்த வாரமே லேடி டாக்டரிடம் அழைத்துப் போனோம். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். மனசு விட்டுப் பேசவும் நேரம் கொடுத்தார். "முதலில் இவளைத் தூங்க விடுங்கள்" என்பது எங்களுக்குக் கிடைத்த உத்தரவு. அன்றிலிருந்து ஒவ்வொரு பாலுக்கும் பிறகு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைப்பதைத் தங்கையும் நானும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

ஆகவே, வீட்டில் பச்சை உடம்புக்காரி இருந்தால் புத்தாண்டுப் பரிசாக அவளுக்குச் சேலை எடுப்பது இருக்கட்டும். தினம் இருபது நிமிஷம் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவள் கோலம் போடட்டும், பாடட்டும், பூத்தையல் போடட்டும், சும்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ஜனவரி தவறிவிட்டதே என்று கவலை வேண்டாம். அடுத்து தை பிறக்கும், அதற்கப்புறம் சித்திரை. புதிதாகத் தொடங்குவதற்கு நம் ஊரில் நல்ல நாளுக்கா பஞ்சம்?