கணக்குக் கேட்பது நன்றிகேடா?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியாவைச் சூறையாடியது, மருத்துவமனையும் தப்பவில்லை. உலகெங்கிலுமிருந்து உதவி குவிந்தது. மறு ஆண்டே கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை நாட்டின் நிவாரணப் பணிகளிலிருந்த முறைகேடுகளைச் சுட்டிக்காட்டியது.

தொண்டு நிறுவனங்கள் கணக்கே காட்டவில்லை என்று சொல்லமாட்டேன். நிதி தந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் காட்டின. வீடிழந்தவர்களுக்குத் தமிழில் காட்டியதை நான் அரிதாகவே கண்டேன். "தந்தவரிடம் கணக்குக் கேட்பதா?" என்று நம்மவரும் தயங்கினர்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகங்களோடு, வெளிநாட்டு அரசுகளின் நிதியில் பெரிதும் தங்கி மக்களுக்குச் சேவையாற்றும் தொண்டு நிறுவனங்களையும் உள்ளடக்குகிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூறவேண்டும். எவ்வளவு வந்தது, எவரிடம் சென்றது என்று எழுதிக் கேளுங்கள். உதவி நமது பெயரால் திரட்டப்பட்டது. கணக்குக் கேட்பது நன்றிகேடு அன்று, உரிமை.