இரவல் மனை

நேயர்களுள் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தோர் பலர் உளர். அவர்கட்கு நாம் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் வீடு நம்முடையதன்று. வாசலில் முருங்கை நட்டோம். பின்புறத்தில் கோழிக்கூடு கட்டினோம். பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தோட்டம் கைமாறியபொழுது முருங்கையும் சுண்ணாம்பும் சேர்ந்தே கைமாறின. மண்ணும் மரமும் இல்லாத ஓரிடத்தில், கணினிகளுக்குள்ளே, இதே கதை பல இலட்சம் குடிகட்கு நேர்ந்ததுண்டு. அதனை எழுத நெடுநாளாய் எண்ணியிருந்தோம். நமது இழப்பும் அதில் சிறிது கலந்திருத்தலால் இதுகாறும் கை ஓடவில்லை.

இணையம் பொதுமக்கள் கைக்கு வந்த புதிதில், அதில் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுதல் எளிய காரியமாய் இருக்கவில்லை. இராப்பகலாய் ஓடிக்கொண்டிருக்கும் கணினியொன்று வேண்டும். அதனை உலகத்தோடு இணைக்கும் கம்பி வேண்டும். இரண்டையும் காத்து நிற்கத் தெரிந்த ஆள் வேண்டும். பல்கலைக்கழகத்தார்க்கும் பெருங்கம்பெனியார்க்குமே அஃது இயன்றது. 1994-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்னும் இருவர் சிறு கம்பெனியொன்றைத் தொடங்கி, நாளடைவில், தம் கணினிகளில் எவரும் இலவசமாய் இடம் பெறலாம் என்று அறிவித்தனர். முதலில் பெவர்லி ஹில்ஸ் இண்டர்நெட் என்றிருந்த அதன் பெயர் பின்னர் ஜியோசிட்டீஸ் என்றாயிற்று.

அவர்கள் செய்த ஒரு புதுமை நம் மனத்தைக் கவர்ந்தது. இடத்தை வெறும் இடமாய்க் கொடாமல், ஒரு நகரம்போற் பேட்டை பேட்டையாய்ப் பிரித்தனர். கல்வியும் தத்துவமும் பேசுவோர்க்கு ஏதென்ஸ். சினிமாப் பித்தர்க்கு ஹாலிவுட். கணினியாளர்க்குச் சிலிக்கான் வேலி. மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதம் விரும்புவோர்க்கு வியன்னா. பறக்கும் தட்டுகளை நம்புவோர்க்கு ஏரியா 51. குடியேற விழைபவர் பேட்டையைத் தெரிந்துகொண்டு, காலியான மனையொன்றைப் பிடிப்பார். நான்கு இலக்கத்தில் வீட்டெண் கிடைக்கும். ஏதென்ஸ் பேட்டையில் தமிழன்பர் சிலரும் குடியேறி, தமிழ் நூல்களும் எழுத்துருக்களும் கிடைக்குமிடங்களைத் தொகுத்து வைத்திருந்தனர். புதியவர்க்கு வழிகாட்டுதற்கென ஒவ்வொரு பேட்டையிலும் சம்பளமில்லாத் தொண்டர்கள் இருந்தனர்.

குடியேறியவர்க்கு அக்கம்பெனி இட்ட பெயர் ஹோம்ஸ்டெடர் என்பது. அச்சொல்லுக்கு அமெரிக்காவில் ஒரு சரித்திரம் உண்டு. 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து பண்படுத்தியவனுக்கு அந்நிலம் சொந்தமாயிற்று. (அந்நாட்டு ஆதிக்குடிகளிடமிருந்து பறித்த நிலத்தைத்தான் பங்கிட்டனர் என்பது வேறு கதை.) ஜியோசிட்டீஸ் குடிகளுக்கோ பெயர் மட்டுமே கிடைத்தது, பட்டா கிடைக்கவில்லை. அதனை அந்நாளில் எவரும் கேட்டதாகவும் நாம் அறியோம்.

1998-ஆம் ஆண்டில் பட்டணத்துக் கணினிக் கடையொன்றில், மணிக்கு மூன்று வெள்ளி கொடுத்து, அப்பேட்டைகளின் தெருக்களில் நாம் அலைந்ததுண்டு. இன்று அப்பக்கங்களைக் காண்போர் சிரிப்பர். கரிய வானில் விண்மீன்கள் சிதறிய பின்னணி. அதன்மேல் மஞ்சளும் பச்சையுமாய்க் கண்ணைக் குத்தும் எழுத்து. பக்கம் திறந்தவுடன் கேளாமலே ஒலிக்கும் சங்கீதம். மூலையில் மண்வெட்டியோடு ஒரு தொழிலாளியின் அசையும் சித்திரம் இருக்கும். வேலை நடைபெறுகிறது என்பது அதன் பொருள். அவன் ஆண்டுக்கணக்காய் வெட்டிக்கொண்டேயிருப்பான். பெரட்டு இல்லை, சம்பளமும் கேளான். அடியில், நீர் இத்தனையாவது விருந்தினர் என்று காட்டும் எண்பொறி. அதனருகே வந்தவர் பெயரெழுதிச் செல்ல ஒரு பதிவேடு. ஒரே விருப்பமுடையோரின் பக்கங்கள் கைகோத்து வளையமாய் நிற்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போனால், புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேரலாம்.

அங்கே என்ன எழுதியிருந்தனர்? ஒருவர் தம் பூனையைப் பற்றி. ஒருவர் தாம் சேர்த்த தபால் தலைகளைப் பற்றி. ஒரு தாய், பிறந்து சில நாளில் இறந்த தன் மகவைப் பற்றி. மேற்கு ஹாலிவுட் என்ற பேட்டையில் ஒருபாற் காதலர் பலர் குடியிருந்தனர். சொந்த ஊரில் உண்மையை வாய்விட்டுச் சொன்னால் வேலையும் போகும், உறவும் போகும் என்றிருந்தவர்க்கு, வீட்டெண்ணோடு ஒரு திண்ணை கிடைத்தது. இவற்றுள் எதனையும் எந்தப் பத்திராதிபரும் அச்சிட்டிருக்கமாட்டார். நமது பத்திரிகையும் பூனைக்கு இடம் கொடுத்திராது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மூடத்தனமும் அங்கில்லாமற் போகவில்லை. இக்கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிடில் தீங்கு வரும் என்று, நம்மவர் ஒரு காலத்தில் தபாலட்டையில் எழுதி அனுப்பிய அதே மிரட்டல், மின்னஞ்சலில் ஆங்கிலம் பேசிக்கொண்டு திரிந்தது. தபால் தலைக்காகும் காசு மட்டும் மிச்சம்.

வேடிக்கை ஒன்று சொல்வோம். 1998-இல் கனடா நாட்டுக் கலைமாணவி ஒருத்தி, யார் பக்கத்துக்கு அதிகம் பேர் வருவர் என்று தன் தோழியோடும் உடன்பிறந்தாளோடும் போட்டியிட்டு, ஜியோசிட்டீஸில் ஒரு பக்கம் அமைத்தாள். அதில் இருந்தவை ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலிகளின் நான்கே அசையும் சித்திரங்கள். அவற்றையே வரிசை வரிசையாய் அடுக்கி ஆடவிட்டு, 1973-ஆம் ஆண்டின் ராபின் ஹூட் சித்திரப் படத்துப் பாட்டொன்றின் துண்டை விரைவாக்கி ஒலிக்கச் செய்திருந்தாள். சில மாதம் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. 1999-இல் திடீரென்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். இதனால் உலகத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர் கேட்கலாம். கடன் வாங்கிக் காவடிக்குச் செலவிடுவதைவிட எலிகளை ஆடவிடுதல் மலிவு என்பது நமது கருத்து.

நிற்க. இலவசம் என்றால் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதே. 1997-இல் குடிகளின் பக்கங்களில் கம்பெனியின் விளம்பரங்கள் ஏறின. 1998-இல், குடியேறுவோரிடம் வாங்கிய சொந்த விவரங்களை எதற்குப் பயன்படுத்துகிறது என்பது குறித்துத் தவறாகச் சொன்னது என அமெரிக்காவின் கூட்டாட்சி வாணிகக் குழு கம்பெனியின்மேல் குற்றஞ்சாட்டியது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே உடன்பாடு செய்துகொண்டது. அதே ஆகஸ்டு மாதத்தில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. 1999 ஜனவரியில் யாகூ நிறுவனம் அதனை 350 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்குவதாய் அறிவித்தது. வாங்கப்பட்டது யாது? கட்டடமா, இயந்திரமா? பூனைகளும் தபால் தலைகளும் இறந்த குழந்தைகளின் நினைவுகளுமே. அவற்றை ஆக்கியவர்க்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

அவ்வாண்டின் நடுவில், குடிகள் வைத்திருக்கும் எழுத்து, படம் முதலிய எல்லாவற்றின்மீதும் கம்பெனிக்கு உரிமையுண்டு என்ற பொருள்படப் புதிய நிபந்தனைகள் வந்தன. அப்பொழுதுதான் குடிகள் விழித்தனர். பலர் மனையைக் காலி செய்தனர். கண்டனம் எங்கும் எழுந்தது. கம்பெனி விரைவிலேயே பின்வாங்கி நிபந்தனையைத் திருத்தியது. சங்கமில்லை, தலைவரில்லை, ஒருவரையொருவர் நேரிற் கண்டதுமில்லை. ஆயினும் வேலைநிறுத்தம் பலித்தது. இச்செய்தியைப் படித்தபொழுது நாம் உண்மையில் மகிழ்ந்தோம். ஆனால் பேட்டைகளும் வீட்டெண்களும் அவ்வாண்டே வழக்கொழிந்தன. பிறகு வேறு வேறு இடங்கள் தோன்றின. ஜனங்கள் அங்குச் சென்றனர். ஜியோசிட்டீஸ் ஆளில்லாத் தோட்டம்போற் புல் மண்டிக் கிடந்தது.

2009 ஏப்ரலில் யாகூ, அவ்வாண்டிறுதிக்குள் அதனை மூடிவிடப்போவதாய் அறிவித்தது. அக்டோபர் 26-ஆம் நாள் மூடியது. அழிந்தவை குறைந்தது 3 கோடியே 80 இலட்சம் பக்கங்கள் என்பர். ஜப்பானியக் கிளை மட்டும் 2019 மார்ச் வரை நின்றது. அறிவிப்புக்கும் மூடுதலுக்கும் இடையே ஆறு மாதத் தவணை இருந்தது. ஆனால் அதனை அறிந்தோர் எத்தனை பேர்? பலர் கடவுச்சொல்லை மறந்திருந்தனர். சிலர் இறந்தே போயினர்.

இங்கே நாம் மதிக்கும் சிலரைக் குறிப்பிட வேண்டும். ஜேசன் ஸ்காட் என்பவரோடு சேர்ந்த தொண்டர் கூட்டமொன்று, ஆர்க்கைவ் டீம் என்று தம்மை அழைத்துக்கொண்டு, மூடுமுன் அகப்பட்டதையெல்லாம் பிரதியெடுத்தது. எவரும் அவர்களை ஏவவில்லை. எவரும் கூலி கொடுக்கவில்லை. புரூஸ்டர் கேல் 1996-இல் நிறுவிய இணைய ஆவணக் காப்பகமும் தன்னாலியன்றதைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஆர்க்கைவ் டீம் தான் காத்த குவியலை எவரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தது. சுருக்கிக் கட்டிய நிலையிலேயே அஃது அறுநூறு கிகாபைட்டுக்கு மேல். ஜெர்மனியில் ஒல்யா லியாலினா, டிராகன் எஸ்பென்சீட் என்னும் கலைஞர் இருவர் அக்குவியலை அகழ்ந்து, பக்கங்களை அந்நாளில் தோன்றியவாறே படமாக்கி 2013 முதல் உலகுக்குக் காட்டினர். நகைப்புக்குரியவை என்று தள்ளியவற்றை, சாமானியர் கையால் ஆக்கிய பொருள் என்று அவர்கள் போற்றினர். அரசர் கல்வெட்டுக்கே ஆராய்ச்சி என்றிருக்கும் நம்மவர் இதனைக் கவனிப்பாராக.

இனி நமது பக்கத்துக்கு வருவோம். நாம் குடியேறியது ஜியோசிட்டீஸில் அன்று. அதனைப் பார்த்து இலவச இடம் தரப் புறப்பட்ட வேறொரு சிறு கம்பெனியில். பெயர் வேண்டா. 1999-இல், நமது தோட்டத்துக் கங்காணியார் வீட்டுச் சுவரிலிருந்த படமொன்றை இரவல் வாங்கி, கணினிக் கடையில் ஒளிவருடியில் இட்டு, அங்கே ஏற்றினோம். 1957-ஆம் ஆண்டு மெர்டேக்கா நாளன்று லயத்து ஜனங்கள் 31 பேர் மூன்று வரிசையாய் நிற்கும் படம். பின்புறத்தில் பெயர்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அவற்றைத் தமிழில் இடவே விரும்பினோம். ஆனால் அந்நாளில் நம் கணினியில் தமிழாயிருப்பது, அதே எழுத்துரு இல்லாத பிறர் கணினியில் அர்த்தமற்ற குறிகளாய்த் தோன்றும். ஆதலால் ஆங்கில எழுத்தில் இட்டோம். எண்பொறி 60-ஐத் தாண்டியபோது நமக்கிருந்த பெருமிதம் சொல்லத்தரமன்று. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

2001-இல் ஒருநாள் திறந்து பார்த்தபொழுது பக்கம் இல்லை, கம்பெனியே இல்லை. ஒரு நெகிழ்தட்டில் பிரதி வைத்திருந்தோம். அலமாரியிற் கிடந்து பூஞ்சணம் பிடித்துப் படிக்கவொண்ணாமற் போயிற்று. இது முழுவதும் நமது பிழை. 2003-இல் தோட்டமும் விலையாகி, லயங்கள் இடிக்கப்பட்டன. கங்காணியார் அதற்கு முன்பே காலமானார். அவர் மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் பெயர்ந்தபோது படம் எங்கோ தவறிவிட்டது.

1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டமே வாங்குவதாவது என்று நமது லயத்தில் நகைத்தவர் உண்டு என்பர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. இணையத்திலும் ஆண்டுக்குச் சிறு தொகை கட்டினால் நமது பெயரிலேயே முகவரி வைத்துக்கொள்ளலாம். வைப்பிடம் ஒன்று கெட்டால் பெயரோடு வேறிடம் பெயரலாம். 1999-இல் அதனை நாம் அறிந்திருந்தும் இலவசத்தையே நாடினோம்.

சென்ற மாதம் பழைய நாட்குறிப்பில் அப்பக்கத்தின் முகவரி அகப்பட்டது. இணைய ஆவணக் காப்பகத்தில் இட்டுத் தேடினோம். நம்புதற்கரிதாய், 2000-ஆம் ஆண்டில் எடுத்த பிரதியொன்று இருந்தது. தலைப்பு இருந்தது, விண்மீன்கள் இருந்தன, மண்வெட்டுவோனும் வெட்டிக்கொண்டிருந்தான். படம் இருந்த இடத்தில் ஒரு வெறுங்கட்டம். பெயர்களைக் காண இங்கே அழுத்துக என்ற வரியை அழுத்தினோம், அப்பக்கம் காக்கப்படவில்லை.

பெயர்களில் 19 நமக்கு நினைவிலுள்ளன. 12 நினைவில் இல்லை. கோலசிலாங்கூர்ப் பக்கத்தில், தமிழ்ப் பள்ளிக்கு எதிரே இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் நின்ற தோட்டம் என்றால், அங்கிருந்தோர் அறிவர். படத்தில் கடைசி வரிசையில் இடப்புறமிருந்து ஐந்தாவதாய்த் தலைப்பாகையோடு நிற்பவர் நமது தந்தையார். அதன் பிரதி நேயர் எவரிடமேனும் இருப்பின், முன்புறத்தையும் பின்புறத்தையும் படமெடுத்து இப்பத்திரிகை நிலையத்திற்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். அஞ்சற் செலவை நாமே ஏற்போம்.