கூரையைக் கீழே இழுத்துக் கட்டுறது

சென்னையில் இருக்கிற நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். வீட்டுக்குக் கூரை மாத்திட்டு இருக்கேன்னு சொன்னதும், "கஜா புயல் போயி இத்தனை வருசம் ஆச்சே, இன்னுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல அது கரையைக் கடந்தப்போ எங்க வீட்டு ஓடு மட்டும் போகலைங்க, தென்னையும் போச்சு. தென்னை போனா வருமானம் போச்சு. புதுக் கன்னு வச்சு அது நாலு காசு கொடுக்க ஆறேழு வருசம் ஆகும். அதுவரைக்கும் சிமெண்ட் ஷீட்டும் தார்ப்பாயுமா ஓட்டினோம். இந்த வருசம்தான் கையில் கொஞ்சம் சேர்ந்துச்சு.

எங்களுது சீமை ஓட்டு வீடு. அப்பா கட்டினது. கைமரம், ரீப்பர் எல்லாம் நல்ல மரம். ஓடு தன் எடையிலதான் உக்காந்திருக்கும், அதை யாரும் ஆணி அடிச்சு வைக்கிறதில்லை. அன்னிக்கு ராத்திரி முதல்ல வடக்கேருந்து அடிச்சுது. ஓரத்து ஓடு ஒண்ணொண்ணா கழண்டு போற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் காத்து சுத்தமா நின்னுடுச்சு. அது புயலோட கண்ணு. விவரம் தெரியாதவங்க "விட்டுடுச்சு"ன்னு வெளியில வந்தாங்க. கொஞ்ச நேரத்துல தெற்கேருந்து திரும்பி அடிச்சது பாருங்க, மிச்சம் இருந்ததும் போயிடுச்சு.

டவுன்ல இருக்கிறவங்க, காத்து கூரையைத் தள்ளும், அமுக்கும்னு நினைப்பாங்க. அது தூக்கும். நெல்லு தூத்துற முறத்தை எதிர்காத்துல லேசா சாய்ச்சுப் பிடிச்சா கையை விட்டு மேல போகப் பார்க்குமில்ல, அதே கதைதான். இதுல கதவோ சன்னலோ பிச்சுக்கிட்டா உள்ள புகுந்த காத்தும் சேர்ந்து கீழேருந்து தள்ளும். அதனால புயலுக்குக் கூரை போடுறதுன்னா மேல பாரம் ஏத்துறது இல்லை, கீழே இழுத்துக் கட்டுறது. எங்க தாத்தா காலத்துக் கீத்து வீட்டுல ஐப்பசி பொறந்தா கூரைக்கு மேல பழைய வலையைப் போட்டு, கயிறு கட்டி, கயித்து முனையை முளையடிச்சு இறுக்குவாங்க. அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு.

மாடி வீடா கட்டிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. பழைய சுவரு மண் சாந்துல வச்ச செங்கல். அது கான்கிரீட் தளத்தைத் தாங்காது. இடிச்சுட்டுக் கட்ட எனக்கு வசதியில்லை. அதனால இரும்புச் சட்டம், மேல கலர் ஷீட். ஆனா ஷீட்டுல ஒரு ஆபத்து இருக்கு. ஓடு பறந்தா ஒண்ணொண்ணா பறக்கும். ஷீட்டு பிடிப்பு விட்டா சட்டத்தோட மொத்தமா போகும். பறந்து வர்ற தகரம் கத்தி மாதிரி, எதிர்ல ஆள் நின்னா வெட்டிடும்.

அதனால கூரைக்கு முன்னாடி சுவருல வேலை ஆரம்பிச்சோம். சுவரு உச்சியில சுத்திலும் கம்பி கட்டி அரையடி உயரத்துக்கு பெல்ட் கான்கிரீட். பெல்ட்டு மட்டும் சுவரு மேல உக்காந்திருந்தா அதுவும் சேர்ந்து தூக்கிக்கும். நாலு மூலையிலயும் நடுவுலயும் சுவரைக் கொத்தி, கடைக்கால் வரைக்கும் கம்பியை இறக்கி சிமெண்ட் போட்டு அடைச்சோம். சட்டம் உக்கார்ற இடத்துல போல்ட்டைக் கான்கிரீட்டுக்குள்ளயே புதைச்சாச்சு. பார்க்க ஒண்ணும் தெரியாது, பூசிட்டா மறைஞ்சிடும். செலவுல பெரும்பங்கு இதுலதான் போச்சு. "ஆடம்பரமா ஒண்ணையும் காணோமே, எங்க போச்சு காசு?"ன்னு மச்சினன் கேட்டான்.

பழைய வீட்டுக்கு ரெண்டு பக்கம்தான் சரிவு. ரெண்டு முனையிலயும் முக்கோணச் சுவரு. கஜாவுல தெருவுல முதல்ல விழுந்தது பூரா அந்த மாதிரிச் சுவருங்கதான். இந்தத் தடவை நாலு பக்கமும் சரியுற மாதிரி போட்டோம். காத்து எந்தப் பக்கம் வந்தாலும் வழுக்கிட்டுப் போகும். சரிவு ரொம்பத் தட்டையாவும் இருக்கக்கூடாது, தட்டையா இருந்தா உறிஞ்சித் தூக்கும். வெளியில நீட்டிக்கிட்டு இருக்கிற தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்குள்ள நிறுத்தியாச்சு. திண்ணைக்கு நிழல் வேணுமேன்னு வீட்டுல சண்டை. திண்ணைக்குத் தனிச் சட்டம், தனி ஷீட்டுன்னு முடிவாச்சு. காத்து அதைப் பிச்சுக்கிட்டுப் போனாலும் பெரிய கூரையை இழுத்துட்டுப் போகாது.

ஷீட்டு போட வந்த தம்பி நல்ல வேலைக்காரன். ஆனா மூணு மேட்டுக்கு ஒரு ஸ்க்ரூ போட்டுக்கிட்டே போறான். "ஓரத்துலயும் முகட்டுலயும் ஒவ்வொரு மேட்டுக்கும் போடுப்பா"ன்னேன். "அண்ணே, ஊருல யாரும் அப்படிப் போடுறதில்லை"ன்னான். யாரும் போடுறதில்லைங்கிறது கஜாவுக்கு மறுநாள் வயக்காட்டுல தெரிஞ்சுதே! காத்து முதல்ல பிடிக்கிறது ஓரத்தையும் மூலையையும் முகட்டையும்தான். மதியச் சாப்பாடு வரைக்கும் வாதம் போச்சு. கடைசியில நடுவுல அவன் சொன்னபடி, ஓரத்துல நான் சொன்னபடி. இன்னொரு பெட்டி ஸ்க்ரூ வாங்க வேதாரண்யம் போயிட்டு வந்தேன். அவன்கிட்ட நானும் ஒண்ணு கத்துக்கிட்டேன். ஸ்க்ரூவை ரொம்ப முறுக்கினா ரப்பர் வாசர் பிதுங்கிடும், அந்த வழியா தண்ணி இறங்கும். நம்ம ஊருல உப்புக்காத்து வேற. அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக் காத்துக்குத் தகரத்துக்கு முன்னாடி ஸ்க்ரூ தலைதான் துருப்பிடிக்கும். வருசா வருசம் புரட்டாசியில ஏணி போட்டு ஒவ்வொண்ணா பார்க்கணும். சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு அடிச்சு, குழாய் முனையெல்லாம் அடைச்சாச்சு.

இதையெல்லாம் விடக் கஷ்டம் ரெண்டு மரம். கஜாவுல தோப்பு பூரா சாய்ஞ்சும் வீட்டுக்குப் பின்னால ரெண்டு தென்னை மட்டும் நின்னுச்சு. அம்மா கல்யாணமாகி வந்த வருசம் வச்சது. ரெண்டும் வீட்டைப் பார்த்துச் சாய்வு. அது விழுந்தா எந்த ஸ்க்ரூவும் நிக்காது. அம்மாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. "அவ்வளவு பெரிய புயலுக்கே நின்ன மரத்தை நீ வெட்டுறியாடா தம்பி?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மரம் வெட்டுற அன்னிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. அடிமரத்தை அறுத்து மாட்டுக்கொட்டகைக்கு விட்டமா போட்டிருக்கேன். வந்து பார்த்தாங்க, தடவிப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை.

கஜா அன்னிக்கு அம்மா புயல் பாதுகாப்பு மையத்துக்கு வரமாட்டேன்னுட்டாங்க. மாட்டை விட்டுட்டு எப்படி வர்றதுன்னு ஒரே பிடிவாதம். நானும் பையனும் கதவுக்குப் பின்னால முதுகைக் கொடுத்து உக்காந்திருந்தோம். காத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அதுக்கப்புறம் பெஞ்ச மழைதான் எங்களைக் கெடுத்துச்சு. விதைநெல்லு, பத்திரம், ரேஷன் கார்டு, பையனோட மார்க் சீட்டு எல்லாம் ஊறிப்போச்சு. இப்ப கூரை இவ்வளவு பலமா போட்டாச்சே, இனிமே எங்கேயும் போகவேண்டாம்னு அம்மா சந்தோசமா இருக்காங்க. நான் ஒத்துக்கலை. பெரிய புயல்னு அறிவிப்பு வந்தா மாட்டை அவுத்து விட்டுட்டு எல்லாரும் மையத்துக்குத்தான். இந்தக் கூரை நெல்லுக்கும் பத்திரத்துக்கும் போட்டது. இந்த வாதம் இன்னும் முடியலை.

ஷீட்டுல குறை இல்லாம இல்லை. சித்திரை வெயிலுக்கு உள்ள உக்கார முடியாது. மேல கீத்து பரப்பிக் கயிறு கட்டியிருக்கேன், புரட்டாசியில ஏணி போடுறப்பவே அதை இறக்கிடணும். மழை பெஞ்சா பக்கத்துல பேசுறது கேக்காது. அம்மாவுக்கு டிவி சத்தம் கேக்கலைன்னு கோவம். தப்பிச்ச பழைய ஓடு முன்னூறு இருக்கும், வேப்பமரத்தடியில அடுக்கி வச்சிருக்கேன். கோழி அதுக்குள்ள போயி முட்டை வைக்குது. திண்ணை வேலை பாக்கி. நெல்லுப் பணம் வந்ததும் அந்தத் தம்பியைக் கூப்பிடணும்.