சீரகத்தளவு ஈ

விடிந்தும் விடியாத நேரம். லீஸ் ஃபெரி படகுத்துறையில் எங்கள் வழிகாட்டி மீன்பிடிக்கும் செயற்கை ஈ ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். சிறிய பிடிகருவியில் இருபதாம் எண் தூண்டில்முள்; அதன் தலைப்பில் வெள்ளிநிற மணி. முள்ளின் தண்டு முழுக்கக் கறுப்பு நூலைச் சுற்றினார். அதன்மேல் மயிரிழை போன்ற கம்பியை இடைவெளி விட்டு ஐந்தாறு சுற்று. முடிச்சுப் போட்டு, நூலைக் கத்தரித்து, என் உள்ளங்கையில் வைத்தார். அளவிலும் வரியிலும் அப்படியே ஒரு சீரகம்.

‘ஜீப்ரா மிட்ஜ்’ என்பது அதன் பெயர். இந்தக் கரையில் உருவானது. இன்று ட்ரவுட் மீன் பிடிக்கும் ஊர்களிலெல்லாம் விற்கிறது.

அது 2019 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. வடக்கு அரிசோனாவில், கிளென் கேன்யன் அணைக்குக் கீழே கொலராடோ ஆறு சுமார் 25 கிலோமீட்டர் செம்பாறைச் சுவர்களுக்கு இடையே வளைந்து வந்து இந்தத் துறையைத் தொடுகிறது. இந்தப் பகுதிக்கு மேலேறிப் போகப் படகுதான் வழி.

கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறமானது. 1963இல் மதகை அடைக்கும்வரை ஆறு வண்டலோடு சிவந்துதான் ஓடியது. வண்டல் இப்போது நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. 216 மீட்டர் உயர அணையின் ஆழத்திலிருந்து எடுத்த தண்ணீர், மின்சுழலிகளைச் சுற்றிவிட்டுப் பச்சைக் கண்ணாடி போல வெளியே வருகிறது. வெளியே நெருப்பு வெயில்; முழங்காலளவு நீரில் நின்றால் எலும்பு குளிர்கிறது. அந்தக் குளிரை நம்பித்தான் 1964இல் வானவில் ட்ரவுட் குஞ்சுகளை விட்டார்கள். கலங்கிய வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய கூன்முதுகுச் சப் போன்ற பூர்வீக மீன்கள் இங்கே இடம் இழந்தன. ட்ரவுட்டின் அழகைப் பேசும்போது இந்த இழப்பையும் பேசியாக வேண்டும்.

பாறைத்திட்டு ஒன்றில் இறங்கினோம். தூண்டில் நரம்பில் தக்கை, அதற்குக் கீழே ஈ. வீசுவதை ஒரு மணி நேரத்தில் ஓரளவு பழகிவிடலாம், மிதக்கவிடுவதுதான் வித்தை. நடு ஆற்றின் வேகம் நரம்பை இழுத்தால் ஈயும் கூடவே ஓடும். நிஜப் பூச்சி அப்படி ஓடாது; மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் நரம்பு நீரில் விழுந்ததும் கோல்நுனியால் அதைத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் மடக்கிப் போட வேண்டும். வழிகாட்டி அதை மணிக்கட்டின் ஒரு சிறு அசைவில் செய்தார். நான் பகலெல்லாம் முயன்றேன்.

தக்கை சட்டென நின்றது. கோலைத் தூக்கினேன். வலைக்குள் வந்த மீனைக் கையை நனைத்த பிறகே தொடச் சொன்னார். உலர்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை, முதுகெங்கும் கரும்புள்ளி. முள்ளில் எதிர்முள் வைக்க இங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் நோகாமல் கழன்றது. மீன் ஒரு கணம் நின்று, பச்சைக்குள் மறைந்தது.

மற்ற ஆறுகளில் மேஃப்ளை, கேடிஸ் போன்ற பூச்சிகளின் சாயலில் பெட்டி நிறைய ஈ வகைகள் இருக்கும். இவர் பெட்டியில் பெரும்பாலும் மிட்ஜ் என்ற சிறுபூச்சியின் சாயல்தான். ஏன் என்று கேட்டேன். “ஆற்றில் என்ன இருக்கிறதோ அதைத்தானே கட்ட முடியும்” என்றார்.

பூச்சி வகைகள் குறைந்ததற்கு அணையும் ஒரு காரணம். தொலைதூர நகரங்களில் ஏசி ஓடும் நேரத்துக்கு ஏற்ப அணை தண்ணீரைக் கூட்டுகிறது, குறைக்கிறது. பூச்சிகள் பல, நீர்விளிம்புக் கல்லில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகின்றன. நீர் இறங்கினால் முட்டை வெயிலில் காய்ந்துபோகும். இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி எளிமையானது: மின்தேவை குறையும் சனி, ஞாயிறுகளில் தண்ணீரைத் தாழ்வாக, ஏற்ற இறக்கமில்லாமல் விடுவது. அப்போது இடும் முட்டை வாரம் முழுக்க நீருக்குள்ளேயே இருக்கும். 2018 கோடையில் அந்தச் சோதனை தொடங்கியது. நாங்கள் நின்றதும் அப்படியொரு சனிக்கிழமையில்தான்.

இந்தத் துறையின் வழிகாட்டிகளின் கைத்திறன் ஆற்றின் வறுமையிலிருந்து பிறந்தது என்று அப்போது புரிந்தது. இருந்த முக்கிய இரையை அவர்கள் அத்தனை துல்லியமாகக் கற்றிருக்கிறார்கள். அந்த வறுமை தீர வேண்டும் என்று முதலில் விரும்புகிறவர்களும் அவர்களே.

மாலையில் கிளம்பும்போது அவர் விளிம்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புரட்டிக் காட்டினார். அடியில் ஜவ்வு போல முட்டைக்கூட்டம். பார்த்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, எடுத்த பள்ளத்திலேயே, எடுத்த பக்கமாகவே, நீருக்குள் வைத்தார்.