தாளில் இருந்த எண்கள்

ஆங்கிலத்தில் அச்சிட்ட இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி, "தம்பி, ஈரல் எப்பிடியாம்?" என்று அயல்வீட்டு அப்பு எம்மிடம் கேட்டார். ஏ.எல்.ரி. 34, வழமையான எல்லைக்குள் இருந்தது. "பயமில்லை அப்பு" என்றோம். அச்சொல்லை நம்பி மூன்று வாரம் அவர் வைத்தியரிடம் போகவில்லை. கால் வீங்கிய பின்னரே போனார்.

ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. என்பன ஈரற் கலங்களினுள் உள்ள நொதியங்கள். கலம் சிதையும்போது அவை இரத்தத்திற் கசிகின்றன. அவை காட்டுவது சேதத்தை; ஈரலின் உழைப்பை அன்று. நெடுநாள் நோயால் வடுப்பட்டுச் சுருங்கிய ஈரலிற் கசிவதற்குக் கலங்களே குறைவு. அப்போது அவ்வெண் வழமையாகவும் இருக்கலாம். உழைப்பை அறிய அல்புமினையும் இரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கவேண்டும். அல்புமினையும், இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்கள் பலவற்றையும் ஆக்குவது ஈரலே. டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 3.5 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டிய அல்புமின், அப்புவின் தாளில் 2.6. சில வரிகள் கீழே இருந்தது, நாம் வாசிக்கவில்லை.

மறுபுறம், ஏ.எஸ்.ரி. தசையிலும் உண்டு. நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தவனுக்கும் அது உயரலாம். ஈரல் பழுதென்று அவன் அஞ்சவேண்டியதில்லை. எண்களைச் சேர்த்தே வாசிக்கவேண்டும்; நோயாளியின் உடலையும் பார்த்தே வாசிக்கவேண்டும்.

தன் குருதியைப் பற்றிய செய்தியைத் தன் மொழியிற் கேட்டறிவது சலுகையன்று, உரிமை. தாளின் அடியில் தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரி விளக்கம் இருந்திருந்தால், அப்பு எம் போன்ற அரைகுறைகளிடம் வந்திருக்கமாட்டார். அந்த மூன்று வாரமும் வீணாகியிராது.